மேலாளரின் கன்சோல்

எங்கள் ஆய்வகத்துக்குப் புரோகிராம் எழுதும் சிடுமூஞ்சிக்கு யாரையும் பிடிக்காது. எங்களுக்கும் அவரைப் பிடிக்காது. முன்பெல்லாம் வரைபட விண்டோ திறந்தால், கட்டளைகளைத் தட்டும் கன்சோல் உறைந்துவிடும். விண்டோவை மூடினால்தான் அடுத்த கட்டளையைத் தட்டலாம். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி தனித்தனித் திரெட்டில் ஓடவிட்டு அந்தத் தலைவலியைத் தீர்த்தவர் அவர்தான். "விண்டோவ அதோட திரெட்டுதான் தொடணும். நீங்க வேணுங்கறத வரிசையில போட்டுட்டுக் காத்திருங்க" என்று எல்லோரிடமும் கறாராகச் சொல்லியிருந்தார்.

மேலாளருக்கு எந்த வரிசையிலும் நின்று பழக்கமில்லை. கன்சோலிலிருந்து நேரடியாக வரைபடக் கோட்டின் நிறத்தை மாற்றினார், புரோகிராம் படுத்துவிட்டது. காலை முழுக்க எடுத்த அளவீடுகள் போயின.

"நீ எழுதினது சுத்தக் குப்பை" என்று சிடுமூஞ்சியிடம் எல்லோர் முன்னும் கத்தினார். அன்று மாலை சிடுமூஞ்சி மேலாளரின் கணினி முன் உட்கார்ந்து ஏதோ தட்டினார்.

மறுநாள் மேலாளரின் கணினியில் மட்டும், பழையபடி விண்டோவை மூடும்வரை கன்சோல் அசையவில்லை. ஏன் என்று சிடுமூஞ்சியிடம் கேட்டார்.

"உங்களுக்கு ஒரு நேரத்துல ஒரு வேலைதான் சார் தாங்கும்."