மூணாவது ஓலைக்குக் குறுக்குவழி

சத்தியவேட்டுக்கு மேற்கே காட்டுக்குள் போகும் கூப்பு ரோட்டில் சைக்கிள் விட முடியுமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். முடியும். நான் விட்டிருக்கிறேன். கியரும் தடித்த டயரும் வைத்த இன்றைய சைக்கிளில் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், பின்னால் கேரியர் வைத்த கறுப்பு சைக்கிளில். பாதை அதற்குப் பிறகு மாறியிருக்கலாம். கல் மாறியிருக்காது.

அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்ன லேத் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். சொந்த ஊர் கடம்பத்தூர். லீவு நாளில் எங்கே ரோடு மோசமாக இருக்கிறதோ அங்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போவது என் பழக்கம். தார் ரோட்டில் போனால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். பட்டறையில் இதைப் பைத்தியம் என்றே முடிவு செய்திருந்தார்கள். ஆகவே அந்தச் சனிக்கிழமை செகண்ட் ஷிஃப்ட் முடிந்ததும் அந்தோணி நேராக என்னிடம் வந்ததில் ஆச்சரியமில்லை. பக்கத்து லேத்தில் வேலை செய்பவன், முகம் வெளுத்திருந்தது.

"லூர்து சொல்லி அனுப்பிச்சிக்கிறா. நாளைக்கு மூணாவது ஓலையாம். பூசைக்கு வந்து தடை சொல்லச் சொல்றா. எனக்கு இப்பதான்பா தெரியும்."

லூர்து அவனுடைய மாமன் மகள். நாகலாபுரம் மலையடியில் ஒரு சின்ன ஊர்; பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் தெலுங்கு. சேதி கொண்டுவந்தவர் அந்தப் பக்கம் ஓடும் பஸ்ஸின் கண்டக்டர். கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரை வாசிப்பார்கள். அதுதான் ஓலை. யாருக்காவது தடை சொல்ல வேண்டுமென்றால் அதற்குள் சொல்ல வேண்டும். மூன்றும் முடிந்தால் அந்த வாரமே தாலி. லூர்துவுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்து இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது, இவனுக்குத் தெரியாமலே.

பூசை காலை எட்டு மணிக்கு. முதல் பஸ் ஊத்துக்கோட்டை சுற்றிப் போய்ச் சேரப் பதினொன்றாகிவிடும். காட்டு வழியாகப் போனால் மொத்தம் ஐம்பது கிலோமீட்டர்தான். "நீ எந்த ரோட்டுலயும் போவியே, வழி காட்டு" என்றான். நான் அந்த வழியில் பாதி வரைதான் போயிருந்தேன். மீதியையும் பார்த்துவிடலாமே என்றுதான் முதலில் தோன்றியது. அவன் கல்யாணக் கவலை இரண்டாவதாகத்தான் வந்தது.

காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். கவரப்பேட்டை வரை எட்டு கிலோமீட்டர், அங்கிருந்து சத்தியவேடு சுமார் இருபது. இந்த இருபதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐப்பசி மழையில் ரோட்டோரம் முழுக்கத் தண்ணீர் நின்றது. ஆறு மணிக்குச் சத்தியவேட்டில் டீ குடித்தோம். நாஷ்டா வேண்டாம் என்று அந்தோணி அவசரப்படுத்தினான்.

ஊரைத் தாண்டி மூன்று கிலோமீட்டரில் கூப்பு ரோடு பிரிகிறது. விறகு லாரிகளுக்காகக் காட்டில் வெட்டிவிட்ட பாதை. முதலில் செம்மண்ணும் சரளையும். பிறகு ஏற்றம் தொடங்கும்போது கப்பிக்கல், ஒவ்வொன்றும் ஒரு கை அளவு. மண்ணை மழை அடித்துக்கொண்டு போய்விட்டதால் கல் மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். இதில் உட்கார்ந்து மிதிக்கக் கூடாது. எழுந்து நின்று, ஹேண்டில்பாரை இறுக்காமல் பிடித்து, சைக்கிளை அதன் போக்கில் விட வேண்டும். அந்தோணி இறுக்கிப் பிடித்தான், இரண்டு முறை விழுந்தான். முழங்கால் கிழிந்ததை அவன் பார்க்கக்கூட இல்லை. காடு அன்றைக்கு அழகாக இருந்தது; எனக்கு மட்டும்.

மேட்டின் உச்சியில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் இன்னும் மேலே ஏறும் கரடு. இடப்பக்கம் சமமாக இறங்கும் மண் பாதை. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவரிடம் அந்தோணி ஊர்ப் பெயரைச் சொல்லி இடப்பக்கத்தைக் காட்டினான். அவர் தலையை ஆட்டினார்.

"முந்தர வாகு, நைனா. பெத்த வாகு."

சூளூர்ப்பேட்டை டூரிங் கொட்டகையில் தெலுங்குப் படம் பார்த்தே தெலுங்கு கற்றுக்கொண்டதாகச் சொல்லிக்கொள்பவன் அந்தோணி. உடனே மொழிபெயர்த்தான். "முன்னால வாகா இருக்குதாம்பா. ரொம்ப வாகாம். வா, வா."

பெரியவர் பின்னால் ஏதோ கத்தினார். வழியனுப்புகிறார் என்று கையசைத்துவிட்டு இறங்கினோம். உண்மையிலேயே வாகான பாதைதான். மிதிக்கவே வேண்டாம். ஏழரை மணி ஆகியிருந்தது. பூசைக்கு முன்பே போய்விடலாம் என்று அந்தோணி முதல் தடவையாகச் சிரித்தான்.

மூன்று கிலோமீட்டர் இறங்கியதும் பாதை தண்ணீருக்குள் போனது. இருபதடி அகலம், செம்மண் நிறம், கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடும் வெள்ளம். அக்கரையில் சுள்ளிக் கட்டோடு நின்ற ஒரு பெண் எங்களைப் பார்த்து இரண்டு கைகளையும் குறுக்கே ஆட்டினாள்.

"வாகு தாட்டொத்து! வாகு தாட்டொத்து!"

அவள் கை காட்டியது தண்ணீரை. தெலுங்கில் வாகு என்றால் காட்டாறு; தாட்டொத்து என்றால் தாண்டாதே. பெத்த வாகு என்றால் பெரிய காட்டாறு. அந்தோணி தலையில் கை வைத்துக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, அவனைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். திரும்பி மேடேறிக் கரட்டு வழியாகப் போனால் எத்தனை நேரமாகும் என்று இருவருக்கும் தெரியாது. தண்ணீர் வடியட்டும் என்று காத்திருந்தோம். எட்டு மணியும் போயிற்று. இடுப்பளவுக்கு இறங்கியதும் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நுழைந்தோம். நடுவில் அந்தோணி தடுமாறினான்; சைக்கிள் பாறையில் மோதி முன் சக்கரம் எட்டாக வளைந்துவிட்டது. அதை அந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டு அவனை என் கேரியரில் ஏற்றிக்கொண்டேன். கப்பிக்கல்லில் டபுள்ஸ் போவது பற்றி யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பூசை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. கோயில் படியில் லூர்து தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கன்னம் சிவந்து வீங்கியிருந்தது. சற்றுத் தள்ளி அவள் அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அந்தோணி இறங்கி அவள் முன்னால் போய் நின்றான். சேறும் ரத்தமுமாக இருந்தான்.

"ஓலை..." என்றான்.

"வாசிச்சாங்க. சாமியார் தடை இருக்குதான்னு கேட்டாரு. நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். யாருமே இல்ல. நானே எழுந்து நின்னு சொல்லிட்டேன். எனக்கு இஷ்டமில்லன்னு. அத்தினி பேருக்கு முன்னால."

"வாகுல மாட்டிக்கினேன் லூர்து."

"வாகுன்னு சொல்லியிருப்பாங்களே. அப்புறம் இன்னாத்துக்கு அந்தப் பக்கம் வந்த?"

நான் சைக்கிள் செயினைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். அவள் அழுவதை நான் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. பதினெட்டு வயதுப் பெண், ஊரே உட்கார்ந்திருக்க எழுந்து நின்றிருக்கிறாள். நாங்கள் செய்தது எல்லாம் ஒரு சக்கரத்தை வளைத்ததுதான்.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் இந்த வழி வேண்டாம், தை, மாசி நல்லது. இப்போது வனத்துறை அனுமதி வேண்டும், கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக் கட்டை புதிதாகப் போடுங்கள், டியூப் இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பிரிவில் கரட்டுப் பாதையே சரி; கல் அதிகம், ஆனால் ஆறு கிடையாது. வழி கேட்டால் பதிலை முழுக்கக் கேளுங்கள். புரிந்த மாதிரி இருந்தால் இன்னொரு தடவை கேளுங்கள்.

குறித்த நேரத்துக்குப் போயாக வேண்டுமென்றால் முந்தின நாளே கிளம்புங்கள். இதை அந்தோணியிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கல்யாணம் நின்றதில் மாமா இரண்டு மாதம் அவனிடம் பேசவில்லை. பிறகு வேறு வழியில்லாமல் பேசினார். தை மாதம் அதே கோயிலில் அவனுக்கும் லூர்துவுக்கும் ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை வந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனாலும் மூன்று வாரமும் சனிக்கிழமை மத்தியானமே பஸ் ஏறிப் போய், கோயில் வராந்தாவில் படுத்திருந்து, மறுநாள் பூசைக்கு, அவள் திரும்பினால் கண்ணில் படும்படி, வாசலிலேயே நின்றான்.