லிஃப்ட் நின்ற இடம்

ஹம்பேர்க் துறைமுகத்தை ஒட்டி நாங்கள் கண்ணாடி போர்த்திய அந்த அலுவலகக் கோபுரம், அடியிலிருந்து உச்சிவரை லேசாக முறுக்கிக்கொண்டு நிற்கும். வரைந்தவருக்கு அது அழகு. எனக்குத் தலைவலி. ஒரு கண்ணாடியைப் போல இன்னொன்று கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம், தனி எண். இரண்டு வருடம் அந்த எண்களோடுதான் குடித்தனம் நடத்தினேன். உண்மையில் குடித்தனம் நடத்த வேண்டியவள் திருச்சியில் இருந்தாள்.

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிரசவத்தின்போதும் நான் இங்கேதான் இருந்தேன். அந்தக் குழந்தை தங்கவில்லை. "நீங்க பக்கத்துல இருந்திருந்தா தைரியமா இருந்திருப்பேன்" என்று ஃபோனில் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இந்தத் தடவை கட்டாயம் வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்திருந்தேன். தினமும் காலிங் கார்டைச் சுரண்டி அவளோடு பேசுவேன். அவள் வைத்த பிறகும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவளைப் பார்க்க அவ்வளவு ஏங்கினேன்.

கடைசிக் கண்ணாடி ஏறிய பிறகுதான் லீவு என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். சாமான் ஏற்றும் லிஃப்ட் கட்டிடத்தின் வெளிப்பக்கம் ஒட்டி நிற்கும். அது நிற்கிற வரிசையில் மட்டும் கண்ணாடி போட முடியாது. வேலையெல்லாம் முடிந்து லிஃப்டைக் கழற்றி, அந்த இடத்தை அளந்து, அளவை அனுப்பினால், ஃபேக்டரியிலிருந்து கண்ணாடி வர ஆறு வாரம். காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். பிரசவத் தேதி தாண்டிவிடும்.

அதனால், அளக்காமலே வரைபடத்து அளவுகளை வைத்து முன்கூட்டியே ஆர்டர் கொடுக்கத் துணிந்தேன். கண்ணாடி பூட்டுகிறவர்களுக்குத் தலைவராக ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை இருந்தார். விஷயம் தெரிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, லிஃப்டைக் கழட்டினாப் பிறகு அளந்துபோட்டு ஓர்டர் குடுங்கோ. கொங்கிறீட் வரைபடத்தில கீறின மாதிரி நிக்காது."

"நேரம் இல்லண்ணா."

"உங்கட அவசரம் எனக்கு விளங்குது. ஆனா இது சரிவராது."

நான் கையெழுத்துப் போட்டேன்.

லிஃப்டைக் கழற்றிய வாரமே கண்ணாடிகள் வந்தன. ஒவ்வொன்றும் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. டிக்கெட் என் பைக்குள் இருந்தது. பதினான்காவது மாடியில் ஒன்று மட்டும் உள்ளே போகவே மாட்டேன் என்றது. தளத்தின் விளிம்பு இரண்டு சென்டிமீட்டர் வெளியே தள்ளியிருந்தது. அண்ணை திரும்பத் திரும்ப அளந்தார்; என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அந்தக் கண்ணாடியை அறுத்துச் சின்னதாக்க முடியாது, வேறு எங்கும் பொருந்தாது. புதிது வர மறுபடியும் ஆறு வாரம்.

"ஃபேக்டரியில தப்பா வெட்டிட்டாங்க" என்று அவளிடம் சொன்னேன்.

மகள் பிறந்த செய்தி வந்தபோது பதினான்காவது மாடியில், அந்தத் திறப்பை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளின் பக்கத்தில் நின்றிருந்தேன். குழந்தையின் அழுகையைக் கேட்க ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டேன். பிளாஸ்டிக் காற்றில் அடித்துக்கொண்ட சத்தம்தான் கேட்டது. தாயும் பிள்ளையும் சுகம் என்றார்கள். உட்கார்ந்து அழுதேன். அண்ணை ஒரு கோப்பைத் தேநீரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஊருக்குப் போய் மகளைத் தூக்கியபோது நாற்பது நாள் குழந்தை. அதன் பிறகு இருவரையும் அழைத்து வந்துவிட்டேன். எல்லாம் கிடைத்தும், கிடைக்காத அந்த ஒரு நாளுக்காக இன்றும் மனசு ஏங்குகிறது.

அண்ணை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அந்தக் கண்ணாடியைப் பற்றி இதுவரை வாய் திறந்ததில்லை.

எஸ்-பான் ரயிலில் அந்தக் கோபுரத்தின் பக்கம் போகும்போதெல்லாம் மகள் மாடிகளை எண்ணுவாள். பதினான்கு வந்ததும் என் மனைவி தவறாமல் திட்டுவாள்: "ஒரு கண்ணாடிய ஒழுங்கா வெட்டத் தெரியாத பாவி. அவனாலதான நீங்க வர முடியாமப் போச்சு."

"ஆமா" என்பேன்.

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள்.