எங்கள் ஹோல் தரையின் நீலச் சிலுவைகள்

பிள்ளைகளே, உங்கள் மாமாவை எனக்குப் பிடிக்காது. இதை நான் எழுதி வைக்காவிட்டால் அம்மா சொல்வதை மட்டும்தான் நீங்கள் நம்புவீர்கள். அம்மா பொய் சொல்ல மாட்டாள். ஆனால் தன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வந்தால் பாதியில் நிறுத்திவிடுவாள். அவள் நிறுத்தும் இடத்திலிருந்து நான் எழுதுகிறேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

கொட்டாஞ்சேனையில் நாம் இருக்கும் இந்த வீட்டின் ஹோல் முன்பு வெறும் சிவப்புச் சீமெந்துத் தரை. யன்னல் பக்கம் குழி, நடுவில் நீளமாக ஒரு வெடிப்பு. மாமாவின் வீடு இரண்டு தெரு தள்ளி. அங்கே தரை முழுக்க முகம் தெரிகிற வெள்ளை டைல். அவர் இங்கே வந்தால் செருப்பைக் கழற்றாமல் அந்த வெடிப்பில் காலால் தட்டிக் காட்டி, "இன்னும் இதிலதான் சீவியமோ, மச்சான்?" என்பார்.

அது பகிடி என்றால் நானும் சிரித்திருப்பேன். நம் பகுதிக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்த அன்பியத்துக்கு அவர்தான் தலைவர். ஒக்டோபர் செபமாலை மாதத்தில் மாதா சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும். சாயங்காலம் வரும், ஒரு நாள் இருக்கும், அடுத்த நாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்குப் புறப்படும். எந்தெந்த வீடு என்று பட்டியல் எழுதுகிறவர் மாமா. மூன்று வருடம் நம் வீட்டை எழுதவில்லை. "அந்தத் தரையில சனம் எப்படி முழங்கால்ல நிக்கிறது?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். சொந்தத் தங்கச்சியின் வீடு! அன்று அம்மா வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தரையை மாற்றுவது என்று நான் முடிவெடுத்தது அன்றுதான். மாதா அடுத்த ஒக்டோபரில் நம் வீட்டுக்கு வர வேண்டும். அம்மா கேட்டது அது ஒன்றுதான்.

வெள்ளை டைல் போட எனக்கு மனமில்லை. அது அவருடைய தரை. மொறோக்கோ நாட்டு வீடு ஒன்றின் முற்றத்தை நான் போனில் பார்த்திருந்தேன். எட்டு மூலை நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கிற மாதிரி ஒரு தரை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிரேனுக்குள் இருந்து அதையே திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். வெள்ளவத்தையில் காலி வீதிக் கடை ஒன்றில் அதே மாதிரி டைல் இருந்தது. நட்சத்திரம் ஒரு டைல். நான்கு நட்சத்திரங்களுக்கு நடுவில் விழும் இடைவெளியை அடைக்க இன்னொரு டைல். இரண்டுமே நீலத்திலும் இருந்தது, வெள்ளையிலும் இருந்தது.

போனில் பார்த்த தரையில் நட்சத்திரம்தான் நீலம். அதையே எடுக்கப் போனேன். அம்மா என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சருங்கோ, நீல நட்சத்திரம் பள்ளிவாசல் மாதிரி இருக்கும். அண்ணா கண்டால் சும்மா விடமாட்டார்."

தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு நம் பகுதியில் காயமில்லாத வீடு இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் மாமா அந்தக் காயத்தை எடுத்துக்கொண்டுபோய், தெருமுனையில் பாண் விற்கிற முஸ்லிம் சோனகர் மேலும், வீதியில் போகிற ஒவ்வொரு தொப்பி மேலும் பூசிக்கொண்டு திரிந்தார். அது பிழை என்று நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கடையிலும் பயந்தேன். நட்சத்திரத்தை வெள்ளையிலும், இடைவெளியை அடைக்கிற டைலை நீலத்திலும் வாங்கினேன்.

வேலைக்கு மாளிகாவத்தையிலிருந்து டைல் பதிக்கிற பாஸ் ஒருவர் வந்தார், அவரும் சோனகர். என்னைவிட வயது கூடியவர், அதனால் அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்றுதான் கூப்பிடுவேன். பெட்டியைப் பிரித்து நான்கு வெள்ளை நட்சத்திரத்தைத் தரையில் வைத்து, நடுவில் ஒரு நீல டைலைச் செருகினார். பிறகு எழும்பி நின்று பார்த்தார்.

"மாத்தி வாங்கிட்டீங்களே," என்றார். "நட்சத்திரம் நீலமா ஈந்தா கண்ணு அதுல நிக்கும். இப்ப பாருங்க, நடுவுல ஈக்கிற குருசுதான் தெரீது."

பார்த்தேன். உண்மைதான். நான்கு பக்கமும் கூராக நீண்ட அச்சொட்டான சிலுவை. எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. பள்ளிவாசல் என்று இனி யார் சொல்ல முடியும்? "நாங்கள் வேதக்காரர்தானே நானா. சிலுவை தெரிஞ்சால் நல்லதுதானே," என்றேன்.

"செவுத்துல போட்டா நல்லம்..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்கட ஊடு. நீங்க செல்ற மாதிரி செஞ்சி தாரன்," என்று குந்திவிட்டார்.

அவர் எதைச் சொல்ல வந்தார் என்று நான் கேட்கவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

நான்காம் நாள் பாஸ் மூலையில் இருந்து கடைசி இடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மாமா வந்தார். வாசலில் நின்று ஹோலைப் பார்த்தார்.

"என்ன இது?"

"டைல்."

"டைல் எண்டு தெரியுது. ஆற்ற வீட்டு டைல்? பள்ளிவாசல் வேலையோ?" பிறகு குனிந்து பார்த்தார். தூக்கிய காலை அப்படியே பின்னால் எடுத்தார். "ஐயோ ஆண்டவரே! சிலுவையைக் கீழ போட்டு மிதிக்கிறீங்களோ?"

என் தலையில் யாரோ அடித்த மாதிரி இருந்தது. பாஸ் சொல்ல வந்தது இதைத்தான்.

மாமா விரலை மூலைக்கு நீட்டினார். "இவன் வேணுமெண்டு செய்தவன். எங்கட சிலுவையை எங்கட காலாலயே மிதிக்க வைக்கிறான். உனக்கு விளங்கேல்லையோ, மச்சான்?"

பாஸ் துணியை வாளிக்குள் போட்டார். "தொர, நான் வாங்கல்ல. செவுத்துல போட்டா நல்லம்டு செல்லினவன் நான்." அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் உடனே வாய் திறக்கவில்லை. பிள்ளைகளே, அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அம்மா என்னைப் பார்த்தாள், பாஸ் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். பாஸ் சாமான்களைக் கழுவி, பையில் போட்டு, தோளில் மாட்டிய பிறகுதான், "நான்தான் வாங்கினனான். அவர் தரையில வேண்டாமெண்டுதான் சொல்ல வந்தவர்," என்றேன். அவருக்கு ஊற்றிவைத்த தேத்தண்ணி அப்படியே இருந்தது. குடிக்காமல் போனார். பிறகு நான் போன் எடுத்தால் அவர் எடுப்பதில்லை.

"இதை உடைக்காமல் மாதா இந்த வீட்டுக்குள்ள வரமாட்டா," என்றார் மாமா.

"மாதா உங்களிட்டச் சொன்னவவோ?"

"நக்கல் கதைக்காதை. பட்டியல் என்ர கையில இருக்கு."

அம்மா அவருக்குப் பின்னால் தெருவரைக்கும் போனாள். என்ன கெஞ்சினாளோ தெரியாது. திரும்பி வந்து, "பாய் விரிச்சால் வருவினமாம். ஒரு துண்டு தெரியக் கூடாதாம்," என்றாள்.

"மறைக்கிறதுக்கு நான் என்ன களவே எடுத்தனான்?"

"எனக்காக," என்றாள். புறக்கோட்டைக்குப் போய் மூன்று பெரிய பிளாஸ்டிக் பாய் வாங்கி வந்தாள். விரிக்க நான் உதவவில்லை.

ஒக்டோபரில் மாதா வந்தா. ஹோல் நிறையச் சனம். அம்மா கலியாணத்துக்குக் கட்டிய சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். செபமாலை முடியும்வரை அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் முகம் சிரித்தது. அவளை அப்படி நான் கண்டது குறைவு. அந்த நேரத்தோடு எல்லாம் முடிந்திருந்தால் இன்று நான் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

செபம் முடிந்து ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தோம். பாதிச் சனம் வெளியே போய்விட்டது. மாமா நடு ஹோலில் கதிரையில் சாய்ந்திருந்து, பக்கத்தில் இருந்தவருக்கு உரக்கச் சொன்னார்: "பாய்க்குக் கீழ என்ன கிடக்கெண்டு பாக்காதேங்கோ. இவர் சோனகனைக் கூப்பிட்டு எங்கட சிலுவையைத் தரையில வைச்சுப் பூசின மனுசன். என்ர தங்கச்சி பாவமெண்டுதான் விட்டனான்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

நான் வாசலுக்குப் போய், அந்தப் பக்கத்துப் பாயைச் சுருட்டினேன். அடுத்த பாயையும் சுருட்டினேன். அவருடைய கதிரைக் காலடிவரை சுருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன். "நேரமாச்சு. எழும்புங்கோ, மச்சான். வாசல் அங்க இருக்கு," என்றேன்.

அவருக்கும் வாசலுக்கும் நடுவில் பத்தடி. நீலச் சிலுவையும் வெள்ளை நட்சத்திரமும் மட்டும்தான். எழும்பி நின்றார். தரையைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு காற்சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளை நட்சத்திரத்தில் கால் வைத்தார். பள்ளிவாசல் வேலை என்று சொன்னாரே, அதே நட்சத்திரத்தில். அடுத்த நட்சத்திரம். அதற்கடுத்தது. அவருடைய பாதம் பெரிது, நட்சத்திரம் சிறியது. நுனிக்காலில் போனார்.

"மாமா கெந்தி விளையாடுறார்!" என்று உங்களில் சின்னவன் கத்தினான். பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "குதி பட்டுது மாமா! அவுட்டு!"

மாமா தடுமாறிச் சுவரைப் பிடித்தார். முகம் கறுத்துப்போனது. வாசற்படியில் இறங்கி நின்று அம்மாவிடம் மட்டும் பேசினார். "இனி இந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டன். நாளைக்கு மாதாவைக் கூட்டிக்கொண்டு போறதுக்கு என்னைப் பாத்துக்கொண்டு நிக்காதை."

எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன். அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும்வரை குளிர்ந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, வழக்கப்படி, விளக்கோடு பாட்டுப் பாடி மாதாவை அழைத்துப் போக ஆட்கள் வர வேண்டும். ஒருவரும் வரவில்லை. ஆறு வீடு தள்ளி, பட்டியலில் அடுத்திருந்த வீட்டு வாசலில் எல்லாரும் கூடி நின்றார்கள். மாமா அங்கேயே நிற்கச் சொல்லியிருந்தார். அம்மா கால் மணித்தியாலம் காத்திருந்தாள்.

"நான் தூக்கிறன்," என்று கையை நீட்டினேன்.

"தொடாதேங்கோ," என்றாள். "நேற்று மாதாவுக்கு முன்னால நீங்கள் செய்தது காணும். அவர் என்னை அவமானப்படுத்தினார். நீங்கள் அவரை அவமானப்படுத்துறதுக்கு என்ர நாளை எடுத்தீங்கள்."

சுரூபத்தைத் தானே நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். தரையைப் பார்க்காமல், சிலுவையிலும் நட்சத்திரத்திலும் வெறுங்காலை வைத்து நேராக நடந்து வெளியே போனாள். நீங்கள் இரண்டு பேரும் மெழுகுதிரியோடு பின்னால் போனீர்கள். பாட்டு இல்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

அதற்கடுத்த ஒக்டோபர்ப் பட்டியலில் நம் வீடு இல்லை. இந்த வருடமும் இல்லை. டைலை உடைக்கச் சொல்லி அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. மாமாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி மட்டும் கேட்கிறாள். கேட்க மாட்டேன். அந்த மனுசனிடம் என் வாயால் அது வராது.

அவளிடம்தான் கேட்க வேண்டும். அவள் சேலை கட்டி அழுது சிரித்த அந்த ஒரு சாயங்காலத்தை எடுத்தவன் நான். இதை உங்களுக்கு எழுத முடிகிறது. அவளுக்கு முன்னால் நின்று சொல்ல இன்னும் முடியவில்லை.