கிழக்கு மேட்டில் கூவிய சேவல்

ஆர்லீட்டா ஸ்டாக்ஸ்டில் பயந்தாங்கொள்ளி இல்லை. அமெரிக்காவின் ஓசார்க் மலைப் பாதைகளில் வேலை ஓயும்வரை பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பனி உறைந்த வளைவில் பின்சக்கரம் வழுக்கும்போது, அலறுகிற பிள்ளைகளைப் பார்த்து, "வாயை மூடுங்க கழுதைங்களா, எனக்கு ரோடு தெரியலை" என்று அதட்டிவிட்டு வண்டியைத் திருப்பியவள். அப்பேர்ப்பட்டவளுக்கு அந்த வசந்தத்தில் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வரவே பயமாக இருந்தது. வீட்டில் கணவனைத் தனியாக விட வேண்டுமே!

கணவன் பெயர் வென்டெல். மர அறுவை ஆலையில் உழைத்து ஓய்ந்த மனுஷன். அவனுக்கு ஏப்ரல் என்றால் வான்கோழி வேட்டை, வான்கோழி வேட்டை என்றால் உயிர். விடிவதற்கு முன்பே போய் ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பெட்டையின் குரலில் மெல்லக் கூப்பிடுவான். ஜோடி தேடி அலையும் சேவல் எங்கிருந்தோ பதில் கொடுக்கும். சுட்டானோ இல்லையோ, அந்தப் பதிலைக் கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க அவனைக் கையில் பிடிக்க முடியாது.

சில வருஷங்களாக மலை பதிலே கொடுக்கவில்லை. முன்பெல்லாம் ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் பெட்டைகள் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு சாலையைக் கடக்கும். ஆர்லீட்டா வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். அவள் ஓட்டிய கடைசி வருஷங்களில் பெட்டைகள் தனியாகத்தான் கடந்தன. வனத்துறைக்காரர் ஒருவர் வந்து காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குஞ்சு பொரிக்கிற நேரத்துல மழை கொட்டுது. தோலுக்கு விலை இல்லைன்னு ரக்கூனை யாரும் பிடிக்கிறதில்லை, அதுங்க முட்டையைக் காலி பண்ணிடுது. குஞ்சு தப்பிச்சாத்தானே சேவல் வரும்?" வென்டெல் தலையை ஆட்டினான். வீட்டுக்கு வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவன்தான், பேச்சே குறைந்துவிட்டது.

"இந்த வருஷமும் ஒண்ணும் கூவலைன்னா எனக்கு இங்க என்ன வேலை இருக்கு?" என்றான் ஒருநாள், சாப்பிடாத தட்டைத் தள்ளிவிட்டு.

"பாத்திரம் தேய்க்கிற வேலை இருக்கு கிழவா, எழுந்து வா" என்றாள் ஆர்லீட்டா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவன் எழுந்து போய்த் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்ததும் அவள் சிரிப்பு நின்றது. அன்றே தோட்டாக்களை எடுத்து மாவு டப்பாவுக்குள் புதைத்தாள். அதற்குப் பிறகு, எந்த அறையில் இருந்தாலும் அவன் இருமுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தாள். என்ன பிழைப்பு இது!

வேட்டைப் பருவம் தொடங்கியது. வென்டெல் போர்வையை விட்டு எழவில்லை. "போய் எதைக் கேக்கப் போறேன்?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அப்போதுதான் ஆர்லீட்டா செய்யக்கூடாத காரியத்தைச் செய்தாள். கொட்டகையில், வேட்டைக்காரர்கள் சேவலை ஏமாற்ற வைத்திருக்கும் பழைய ரப்பர் குழாய் ஒன்று கிடந்தது. வேகமாகக் குலுக்கினால் அச்சு அசலாக வான்கோழிச் சேவல் மாதிரியே கூவும். வேட்டைப் பருவத்தில் அதைக் காட்டுக்குள் குலுக்குவது, என்னைச் சுடு என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்வதற்குச் சமம். இது அவளுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் கிழக்கு மேடு அவர்களுடைய சொந்த நிலம், வேறு யாரும் வருவதில்லை. வென்டெலோ சேவல் இருக்கிற இடத்துக்குத் தேடிப் போகிற ஆள் இல்லை. "சேவல் நம்மகிட்ட வரணும். சத்தத்தைத் தேடித் தவழ்ந்து போறவன் வேட்டைக்காரன் இல்ல, என்னிக்காவது ஒருநாள் மனுஷனைக் கொல்லப் போறவன்" என்று ஊரில் துப்பாக்கி தூக்கியவன் எல்லாருக்கும் பாடம் எடுத்தவன் அவன். அந்த ஒரு நம்பிக்கையில் மேட்டுக்குப் போய்க் குழாயைக் குலுக்கிவிட்டு வந்தாள்.

பின்வாசல் வழியாக அவள் உள்ளே நுழைந்தபோது வென்டெல் காலுறையோடு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"ஆர்லீ! கேட்டியா?"

"எதை?"

"கிழக்கு மேட்டுல! சேவல்டி! கிழட்டுச் சேவல் போல, தொண்டை கட்டிப்போய்க் கிடக்கு!"

"வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள் அவள்.

அன்றைக்கு அவன் முட்டையும் பன்றிக்கறியும் கேட்டு வாங்கித் தின்றான். "தோட்டாவை எங்கடி வெச்சே?" என்று அலமாரியைக் கலைத்தான். அவளே மாவுக்குள் கையை விட்டு எடுத்து, துடைத்துக் கொடுத்தாள். அப்புறம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள். அவன் பிழைத்துவிட்டான் என்று அத்தனை சந்தோஷம்.

மறுநாள் அவன் ஓக் மரத்தடிக்குப் போனான், அவள் சுற்றுவழியாக மேட்டுக்குப் போனாள். மத்தியானம் வந்து, "கூவுது, ஆனா வர மாட்டேங்குது. பெரிய ஆளு!" என்று சிரித்தான். "நாளைக்கு இருக்கு அதுக்கு." என்ன செய்யப் போகிறாய் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் அவள் அசந்து தூங்கிவிட்டாள். எழுந்தபோது அவன் போய்விட்டிருந்தான். குளிர்காற்று வேறு. கைக்குக் கிடைத்த துணியைத் தலையில் கட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் குந்தி, குழாயைக் குலுக்கினாள். கீழே சருகு சரசரத்தது. அணிலாக இருக்கும் என்று மறுபடியும் குலுக்கினாள்.

சரசரப்பு நின்றது. காட்டில் ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

வெள்ளையாகப் பூத்திருந்த புதரின் அடியில் கறுப்பாக ஒரு ஓட்டை தெரிந்தது. துப்பாக்கி முனை. அதற்குப் பின்னால் வென்டெல், சருகில் வயிறு பட, முழங்கையை ஊன்றிக் கிடந்தான்.

ஆர்லீட்டாவுக்கு அப்போதுதான் தன் தலை நினைவுக்கு வந்தது. தலையில் கட்டியிருந்த துணி நீலம். அதற்குக் கீழே பிதுங்கிய முடி வெள்ளை. குளிரில் முகம் சிவந்திருக்கும். நீலம், வெள்ளை, சிவப்பு மூன்றும் சேவல் தலையின் நிறம். ஏப்ரலில் அந்த நிறங்களைப் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் போகாதே என்று பேருந்தில் ஏறின பிள்ளை அத்தனை பேரிடமும் கத்தியவள் அவள். சேவலைத் தலையில்தான் சுடுவார்கள். மரத்துக்கு மேலே அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்ததும் தலை மட்டும்தான்.

கையைத் தூக்காதே, குனியாதே, மனுஷக் குரலில் கத்து. இதுவும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். கத்த வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது. கடவுளே, குரல் எங்கே போய்த் தொலைந்தது? அசைந்தாலும் சுடுவான், அசையாவிட்டாலும் சுடுவான். அவன் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதிவதைப் பார்த்தாள்.

"வென்டெல்! நான்தான்! ஆர்லீ! ஆர்லீ!"

முனை உடனே தாழவில்லை. அவன் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் அவள் தன் பெயரையே திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தாள். பிறகு துப்பாக்கி மெல்லச் சருகில் சாய்ந்தது.

அவள் அவனிடம் போய்ச் சேர்ந்தபோது அவனால் எழுந்திருக்க முடியவில்லை. துப்பாக்கி வெடிக்காமல் தடுக்கும் பூட்டைத் திரும்பத் தள்ளப் பார்த்தான், கட்டைவிரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அவள் வாங்கித் தள்ளினாள்.

"நீயா கூவினே?"

"நான்தான்."

"நேத்து?"

"நேத்தும்."

"முதல் நாள்?"

"அன்னிக்கும் நான்தான், வென்டெல். இந்த மலையில எதுவும் கூவலை."

அவன் அவள் கையிலிருந்த ரப்பர் குழாயைப் பார்த்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு. ஒண்ணும் ஆகலை" என்றாள்.

"ஒண்ணும் ஆகலையா? தலை தெளிவாத் தெரிஞ்சுது ஆர்லீ. குறி பிசகலை. விசையில விரலை வெச்சுட்டேன்." அவன் அவள் தலையிலிருந்த நீலத் துணியைப் பார்த்தான். "அந்த நேரத்துல எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமாடி?"