செல்வி கடித்த நூல்

பிள்ளைகளே, வேங்கிக்காலில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகள் செல்வி எப்போதும் வாயைத் திறந்தபடியே இருப்பாள். "மூடுடி, ஈ பூந்துடும்"னு திட்டுவேன்.

ஒருநாள் பட்டன் தைத்துவிட்டு நூலைக் கடித்தாள், அறுபடவில்லை. "முன்பல்லு ஒட்ட மாட்டேங்குதுப்பா" என்றாள். பார்த்தால், கடைவாய்ப் பல் சேர்ந்தும் முன்னால் என் விரல் போகுமளவு சந்து.

வேலூர் பல் டாக்டர், "பாப்பா மேல தப்பில்லைங்க. மூக்குக்குப் பின்னாடி சதை அடைச்சிருக்கு, அதான் வாயால மூச்சு விடுது. வாய் எப்பவும் திறந்தே இருந்ததால முன்பல்லு ஒண்ணோட ஒண்ணு சேராம வளந்துடுச்சு" என்றார். திட்டியதெல்லாம் என்னையே சுட்டது. முதலில் மூக்குக்கு வைத்தியம், அப்புறம் இரண்டு வருஷம் பல்லுக்குக் கம்பி.

கம்பி கழற்றிய அன்றே கடைக்கு வந்து நூலை ஒரே கடி. டக்கென்று அறுந்தது! "இப்ப ஈ எப்படிப்பா பூரும்?" என்று சிரித்தாள்.

இப்போதெல்லாம் யூனிபார்ம் அளவெடுக்க வரும் பிள்ளை வாயைத் திறந்திருந்தால் நான் திட்டுவதில்லை. "மூக்குல மூச்சு வருதா கண்ணு?" என்று கேட்கிறேன்.