அனுமதி மறுக்கப்பட்டது

பேய் என்று எவனாவது பேச்சை எடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். படிப்பு நாலாம் வகுப்பு. கதை கட்டத் தெரியாது. இது என் வீட்டுக் கூடத்தில், என் கண் முன்னால் நடந்தது.

என் பெரிய மகளுக்கு வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை. கூடத்திலும் ஒரு கம்ப்யூட்டரை வைத்துவிட்டுப் போனாள். தினமும் மாலை ஆறே முக்காலுக்கு அங்கிருந்தே இதற்குள் நுழைந்து, திரையில் "சாப்பிட்டியாப்பா?" என்று எழுதுவாள். கண்டவனும் நுழைந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"பாஸ்வேர்டே கிடையாதுப்பா, திருடறதுக்கு. சாவி ரெண்டு பாதி. ஒண்ணு இதுல, ஒண்ணு என் லேப்டாப்புல. ரெண்டும் பொருந்தினாதான் திறக்கும். பொருந்தாம எவனாவது தட்டினா 'பீப்'னு கத்தும். போதுமா, சந்தேகப் பிராணி?"

போன மாதம் என்னைப் பார்க்க வருகிற வழியில் அவள் கார் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது. அவள் உடலை எடுத்தார்கள். லேப்டாப் கிடைக்கவில்லை.

எல்லாம் முடிந்தபின் சின்னவளைக் கூப்பிட்டேன். அவளும் அதே வேலைதான்.

"அந்த லேப்டாப் எவன் கையில சிக்குமோ. அக்கா சாவியை எடுத்துடு."

"அதுக்குள்ளயாப்பா?"

"எடுன்னா எடு."

இங்கிருந்த பாதியை அழுதுகொண்டே அழித்துவிட்டு ஊருக்குப் போனாள்.

மறுநாள் மாலை. மழை. நான் மட்டும்.

ஆறே முக்கால்.

பீப்.

திரையில் பெரியவளின் செல்லப் பெயர். வாலு. அதன் கீழே: அனுமதி மறுக்கப்பட்டது.

"எவன்டா அது?" அதட்டினேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

பீப்... பீப்...

திருடன் இப்படித் தட்ட மாட்டான். நிறுத்தி... காத்திருந்து... மறுபடி.

சின்னவளுக்குப் போன் போட்டேன்.

"அக்கா சாவியைத் திரும்பப் போடு. இப்பவே!"

"முடியாதுப்பா. அவ லேப்டாப் இருந்தாதான்... அப்பா, அது என்ன சத்தம்?"

பீப்.

அதன்பிறகு... ஒன்றும் இல்லை.

விடிந்ததும் சின்னவள் ஓடி வந்தாள். கம்ப்யூட்டரைக் குடைந்து பார்த்தாள். தட்டியது அக்காவின் சாவியேதான் என்றாள். அந்த அடையாளம் வேறு எதற்கும் வராதாம்.

"எங்கேர்ந்து தட்டியிருக்கு?"

திரையை இன்னொரு முறை பார்த்தாள்.

"நம்ம வீட்டு வைஃபையில இருந்துப்பா."

"அப்படின்னா?"

"அது நம்ம வாசல் வரைக்கும்தான்பா எட்டும்."