கொஞ்சம் நகரு கண்ணு

"கொஞ்சம் நகரு கண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியைத் தள்ளிவிட்டு மௌஸைப் பிடித்துவிடுவார் கம்ப்யூட்டர் டீச்சர். படபடவென்று நாலு தட்டு; திரையில் கணக்கு கச்சிதமாக வந்து உட்கார்ந்திருக்கும். "பார்த்தியா, இவ்ளோதான்! இதுக்குப் போயி முழிக்கிறியே" என்று செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. யாராவது தடுமாறினால் அவருக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். வீட்டிலும் இதே கதை. அக்கா கையிலிருக்கும் கரண்டியைப் பிடுங்குவார், கணவர் கையிலிருக்கும் போனைப் பிடுங்குவார். "சோத்தை மட்டும் இன்னும் நானேதான் வாயில போட்டுக்கிறேன்" என்பார் அந்த மனிதர். டீச்சர் அதற்கும் விழுந்து விழுந்து சிரிப்பார்.

பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை; உட்காரும் மெஷினின் நம்பர்தான். "ஏய் மூணு, அங்க என்ன பராக்கு?" எட்டு என்றால் மட்டும் தனிப் பிரியம். அதிர்ந்து பேசாத பெண். கணினித் தொழிற்பிரிவுச் சான்றிதழோடு பள்ளியை முடித்தால், அவளுடைய மாமா இருக்கும் மருந்துக் கிடங்கில் பில் போடும் வேலை தயாராக இருந்தது. இல்லாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். டீச்சருக்கு அந்தக் கவலையே இல்லை. எட்டின் பயிற்சிக் கோப்புகளில் ஒரு பிழை காட்ட முடியாது.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளராக ஓர் அம்மா வந்திருந்தார். ஒரு கடையின் சரக்குப் பட்டியலைத் தட்டி, ஃபார்முலா போட்டுக் கூட்டி, வரைபடமாக்க வேண்டும். எட்டு மளமளவென்று தட்டினாள். ஃபார்முலா போடும் இடம் வந்ததும் மௌஸிலிருந்து கையை எடுத்தாள். நாற்காலியோடு ஓரமாக நகர்ந்து, பின்னால் நின்ற டீச்சருக்கு இடம் விட்டாள்.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடி? போடு" என்றார் மெதுவாக.

"இதுக்கு மேல எனக்குத் தெரியாது டீச்சர். இந்த இடத்துல எப்பவும் நீங்கதானே வருவீங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். டீச்சர் குனிந்து திரையில் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தார். ஐயோ, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்! நிமிர்ந்தால், மூன்றும் ஐந்தும் பதினொன்றும்கூட நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டு வருஷமாகத் தேறியது யார் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். "நேரம் இருக்கும்மா. நீயே செஞ்சு பாரு" என்றார் எட்டிடம்.

எட்டு மறுபடி மௌஸைப் பிடித்தாள். தப்பான கட்டத்தில் சொடுக்கினாள். பிழை என்று வந்தது, அழித்தாள். சரியான கட்டம் ஒரு விரற்கடை தள்ளித்தான் இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாள்.

டீச்சர் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் விரித்து வைத்தார். தன் முழுப் பாரத்தோடு அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.